வாராந்திர விடுப்பு

ஆறு நாள் என் கையில் இருப்பது
ஒரு முழம்கூட இல்லாத கருவி.
ஆலந்தூர் மெட்ரோவில், திரைபோட்ட கூண்டுக்குள்,
கை விரித்து நிற்கும் பெண்கள்மேல்
தோளில் தொடங்கி முழங்கால்வரை இறக்குவேன்.
புடவை ஊக்குக்குக் கத்தும்.
சாவிக்கொத்துக்கு, சில்லறைக்கு,
ரவிக்கைக்குள் செருகிய தாலிக்கும் கத்தும்.
எது என்று நான் துருவிப் பார்த்ததில்லை.
"போங்க" என்பேன்.
போய்விடுவார்கள்.

ஏழாம் நாளுக்காக இன்னொன்று வாங்கினேன்.
நீளக் காம்பு, நுனியில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டம்,
ஒரு காது மட்டும் கேட்கிற ஹெட்போன்.
ரிச்சி தெருவில், யாரோ பழகி அலுத்தது.
தீபாவளி போனஸ் முழுக்க, மேலே எண்ணூறு.
"வீட்டுக்காரருக்கா மேடம்?" என்றான் கடைப்பையன்.
"கடலுக்கு" என்றேன்.

பட்டினப்பாக்கம், விடிகாலை ஐந்தரை.
ஈர மணலில் வைத்ததுமே அலறியது.
புதையல் என்று நினைத்து
முழங்கை ஆழம் தோண்டினேன். தண்ணீர்தான் ஊறியது.
உப்பும் அதற்கு உலோகம்போல.
குமிழைத் திருகித் திருகி
அதன் காதைக் கொஞ்சம் மந்தமாக்கி
காய்ந்த மேட்டுக்கு ஏறிவந்தேன்.
வீசக்கூடாது. வீடு துடைக்கிற மாதிரி
போன ஈரத்தின் மேல் பாதி ஏறி அடுத்த ஈரம்.
அது புரிய மூன்று விடுப்பு நாள் ஆயிற்று.

சோடா மூடி முப்பத்தேழு.
போன வருஷப் பிள்ளையாரை நிறுத்திவைத்த ஆணிகள்.
சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதம்,
அதுவும் தங்கக் குரலில் கூப்பிடும்.
மூடாமல் விட்ட ஒரு குழியில்
நடைப்பயிற்சிக்காரர் கால் இடறி
என் அம்மாவை நினைவுகூர்ந்தார்.
அன்றிலிருந்து மூடிவிட்டு, மேலே ஒருமுறை மிதிப்பேன்.

பைக்கில் வந்த கான்ஸ்டபிள்
"பத்து ரூபாய்க்கு மேல கிடைச்சா
கலெக்டருக்குச் சொல்லணும், தெரியுமில்ல?" என்றார்.
பையைக் கவிழ்த்துக் காட்டினேன்.
எண்ணிப் பார்த்தார். ஏழு ரூபாய்,
அதில் ஒன்று செல்லாக்காசு.
"இன்னும் மூணு இருக்கு உங்களுக்கு" என்று போனார்.

சகாயமேரி கேட்டாள்:
"வேலையிலதான் கீங் கீங்னு உயிரை எடுக்குது,
லீவுலயுமாடி?"
சரியாகச் சொல்ல வரவில்லை எனக்கு.
அங்கே அந்தச் சத்தத்துக்கு அப்புறம்
ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது.
இங்கே ஒரு பூந்தொட்டிக் கரண்டி இருக்கிறது.

ஐந்தாம் வாரம், படகுகளுக்குப் பின்னால்,
ஒரே இடத்தில் விடாமல் அடித்தது.
தாழ்ந்த, கனத்த குரல்.
சோடா மூடிக்கு அந்தத் தொண்டை கிடையாது.
மண்டியிட்டுத் தோண்டினேன்.
ஒன்று. பக்கத்தில் இன்னொன்று.
சாம்பல் நிறம், விரல் மொத்தம், நடுவே ஓட்டை.
எந்த ராஜா இப்படி நாணயம் அடித்தான் என்று
நான் யோசித்துக்கொண்டிருந்தபோது
மேலே ஒரு நிழல்.

"நம்ம வலை ஈயம்மா அது" என்றார் தேசப்பன்.
"புயல்ல கரையோட புதைஞ்சுபோச்சு.
மொத்தம் பதினெட்டு."
ஒரு மணி நேரம் அவர் சொல்லச் சொல்லத் தேடினேன்.
இங்க பாரு, அங்க பாரு, அந்தக் கயித்துக்கிட்ட.
லுங்கி மடியில் வாங்கி இரண்டுமுறை எண்ணினார்.
"பதினேழு."
என் முகத்தைப் பார்த்தார்.
சத்தியமாக அவ்வளவுதான் என்றேன்.
"சரி, ஒண்ணு கடலுக்கு" என்று
நாலு சங்கரா மீனைக் கவரில் போட்டுத் தந்தார்.

திங்கள் காலை ஷிப்ட்.
நிலைவாசல் கருவிக்குள் நுழைந்தேன், அலறியது.
தாழ்ந்த, கனத்த குரல்.
எனக்குத் தெரிந்த குரல்.
சகாயமேரி திரையை விலக்கி
"கையை விரிடி" என்றாள்.
தோளில் தொடங்கி இறக்கினாள்.
துவைக்காமல் மாட்டிவந்த பேண்டின்
தையல் விட்ட பைக்குள், மணலோடு மணலாக.
"என்னடி இது?"

"பதினெட்டு" என்றேன்.
அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.
பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.
"போ" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள்.