கடைசித் தையல்

பாய் கிழிந்தாலும் ஆள் செத்தாலும்
எங்கள் கப்பலில் ஒரே கோணூசிதான்.
பழைய பாய்த்துணி, காலடியில் இரண்டு குண்டு.
கடைசித் தையலை மட்டும்
மூக்குத் தண்டின் வழியே இழுக்க வேண்டும்,
உயிரிருந்தால் துள்ளுவான் என்று.
ஒபடையா கிரேக் துள்ளவில்லை.

பஹாமாவுக்குத் தெற்கே, காற்று செத்த ஐந்தாம் நாள்.
கொள்ளையைப் பங்கு பிரிப்பவன் அவன்.
ரம் அறைச் சாவியும் சாட்டையும்
அவன் இடுப்பிலேயே தூங்கும்.
விடியலில் கயிற்றுச் சுருளுக்குள்
குளிருக்கு ஒடுங்கிய நாய்போலக் கிடந்தான்.

கேப்டன் ஹெஸ்கத் கத்திகளைக் கேட்டான்.
தளத்தில் எழுபத்தோரு கத்தி.
ஒன்றில் ஆமை ரத்தம்,
ஒன்றில் கெட்டுப்போன வெண்ணெய்,
மற்றவற்றில் துரு.
பைபிள் இல்லாத கப்பல். கோடரிமேல் கைவைத்து
ஒவ்வொருவனாய்ச் சத்தியம் செய்தோம்.
யோஸ்ட் டச்சு மொழியில் செய்தான்.
குவாஷி தன் மொழியில் செய்தான், நீளமாக.
அந்த நீளம் பிடிக்கவில்லை சிலருக்கு.
முந்தாநாள் பங்கில் இரண்டு வெள்ளி குறைகிறதென்று
கிரேக்கின் முகத்துக்கு நேரே கத்தியவன் வேறு.
பாய்மரத்தில் கயிறு ஏறியது.
“முதலில் செத்தவனைத் தைத்துவிடு” என்றான் கேப்டன்,
“பிறகு இவன்.”

முழங்கால்வரை தைத்தேன். இடுப்புவரை.
தாடியை ஒதுக்கியபோது
கழுத்தில் ஒரு கோடு, நூலிழை அகலம்.
சதைக்குள் புதைந்து
இரண்டு சாண் ஆட்டுக்குடல் நரம்பு.
முகர்ந்தேன்.
குங்கிலியம்.

கார்க் துறைமுகத்து உப்புமீன் படகிலிருந்து
பிடிலோடு பிடித்துவந்த பையன், கோர்மக்.
இசைக்காரனுக்கு ஞாயிறு ஓய்வு என்பது
நாங்கள் எல்லோரும் கையெழுத்திட்ட சட்டம்.
அந்த வரியில் கிரேக்
எச்சில் தொட்டுக் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தான்.
சனி இரவு வாசிக்கத் தொடங்கியவன்
திங்கள் விடியும்வரை வாசித்தான்.
வில்லில் ரத்தம் வடிந்ததை
நாங்கள் குடித்துக்கொண்டே பார்த்தோம்.

எழுந்து நின்று சொன்னேன்:
“தூண்டில் கயிறு. போதையில்
கழுத்தில் சுற்றிக்கொண்டு விழுந்திருக்கிறான்.
கொன்றவன் ரம்.”
கேப்டன் என்னையே பார்த்தான்.
அந்நேரம் மேற்குப் பாய் ஒருமுறை படபடத்தது.
ஐந்து நாளாக வராத காற்று.
நீதிக்கு யாருக்கு நேரம்?
குவாஷியின் கழுத்திலிருந்து எடுத்த கயிற்றையே
பாய் ஏற்ற இழுத்தோம்.

நரம்பைக் கோணூசியில் கோத்தேன்.
மூக்கில் ஒரு குத்து, ஒரு முடிச்சு.
சாட்சி தண்ணீருக்குள் போயிற்று
செத்தவன் முகத்தை மூடிக்கொண்டு.

அடக்கத்துக்குக் கோர்மக்தான் வாசித்தான்.
பாட்டு மேலே ஏறும் இடத்தில்
உடைந்த படி தெரிந்தவன்போல
ஒரு படிக்கு முன்பே இறங்கினான்.
நன்றாக வாசித்தாய் என்று யோஸ்ட்
அவன் தோளைத் தட்டினான்.

நஸாவில் கரையேறியபோது
ஒரு புது நரம்பு வாங்கி
அவன் தூங்கும் தொட்டில்வலையில் போட்டேன்.
மறுநாள் பார்த்தேன்,
அதால் சப்பாத்தைக் கட்டியிருந்தான்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை
யாரும் அவனிடம் பாட்டு கேட்பதில்லை.
எழுபது பேரில்
ஒருவன்கூட.