பக்கத்து வீட்டில் ஒரு பத்து

தரம் மூன்று கணிதக் கொப்பியில்
ஐம்பத்திரண்டில் பதினேழு போக
நாற்பத்தைந்து என்று எழுதியிருந்தாள் மகிழ்விழி.
தவமலர் ரீச்சரின் சிவப்பு வட்டம்.
அதன் காலடியில் சின்ன எழுத்தில்:
‘கடன் கொடுத்ததை மறந்துவிட்டாய்.’

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது.
நான் அந்த வரியை இன்னொருதரம் வாசித்தேன்.

முதலில் கச்சானில் செய்து பார்த்தோம்.
விசுவமடுவில் இந்த மாதம்
சாக்கு விரித்துக் காய்வது அதுதான்.
கச்சானில் கழித்தல் சுகம்,
போகவேண்டியதைத் தின்றால் போதும்.
ஆனால் அவள் பதினேழோடு நிறுத்தவில்லை.
மிச்சம் பதினொன்று என்று வந்தது விடை.

பிறகு ஈர்க்கு.
விளக்குமாற்றில் உருவி
சாண் அளவில் முறித்து
பத்துப் பத்தாய் இறப்பர் வளையம் போட்டோம்.
ஐந்து கட்டு, இரண்டு தனி.

‘ரெண்டிலயிருந்து ஏழு போகாது.
பக்கத்து வீட்டில ஒரு பத்துக் கடன் வாங்க வேணும்.’
அவள் ஒரு கட்டை அவிழ்த்தாள்.
இறப்பர் துள்ளிப்போய்
தண்ணி வாளிக்குள் விழுந்தது.

ஐந்தின் தலையில் கோடு கீறி நாலு போட்டாள்.
அவ்வளவுதான்.
அடையாள அட்டைப் பிரதி இல்லை,
மூலையில் ஒட்டப் படம் இல்லை,
பிணைக்கு நாலு பெண்கள் இல்லை.
ஐந்து ஒரு கேள்வியும் கேளாமல்
நாலாகிப் போனது.

‘எப்ப திருப்பிக் குடுக்கும்?’
கேட்டது நான்.
பிள்ளை என்னைப் பார்த்தாள்,
ரீச்சர் அவளைப் பார்த்திருக்கக்கூடிய மாதிரி.
‘குடுக்கத் தேவையில்ல அம்மா.
ரெண்டு வீடும் ஒரே அம்பத்திரண்டுதானே.’

அதை நான் கொஞ்சம் வைத்துக்கொண்டேன்.
சீனிப் பேணியில் எடுத்து
அரிசிப் பேணியில் போடுவதுபோல.
அது கடனே இல்லை.
யார் அதற்கு அந்தப் பேர் வைத்தார்களோ.

உண்மையைச் சொன்னால்
அவளுடைய பிழைதான் எனக்குப் பிடித்திருந்தது.
கொடுத்த பிறகும்
ஐந்தாகவே நிற்கிற ஐந்து.
அப்படி ஒருவர் பரந்தன் வீதியில்
எங்காவது இருந்தால் சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை.
முன்பள்ளிக் கொட்டகை.
சின்னக் கதிரைகளில் முழங்கால் முட்ட
நாங்கள் ஐந்து பேர்.
சுவரில் ஒன்று முதல் பத்துவரை
ஒட்டிய மீன்கள்; ஏழாவது கழன்று தொங்கியது.
நீலச் சட்டைத் தம்பி தலைக்கவசத்தை மடியில் வைத்து
அட்டைகளில் எழுதிக்கொண்டு போனான்.
நகுலேஸ் அன்று குறைவாகக் கொண்டுவந்திருந்தாள்,
அதை மற்ற நாலு பேரும் பங்கிட்டோம்.
வகுத்தல் இன்னும் பிள்ளைக்குப் படிப்பிக்கவில்லை.

என் அட்டை திரும்பி வந்தது.
முப்பத்தோராயிரத்து இருநூற்றைம்பது.
கட்டியது ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
மீதி முப்பதாயிரத்து நானூறு.

வழக்கமாக மடித்துப் பைக்குள் வைப்பேன்.
அன்று விரல் அந்த மூன்றுக்கும் பூச்சியத்துக்கும் மேல் நின்றது.
ஈர்க்கு இல்லை கையில்.
மனதுக்குள் ஒரு கட்டை அவிழ்த்தேன்.
இருநூற்றைம்பதில் எண்ணூற்றைம்பது போகாது.
பக்கத்து வீட்டில் ஓராயிரம்.
அப்ப முப்பத்தொன்று முப்பது.
முப்பதில் ஒன்று போனால்...

‘தம்பி, கடன் குடுத்ததைக் குறைக்க மறந்திட்டீங்கள்.’

அவனுக்கு விளங்கவில்லை.
தொலைபேசியை எடுத்துத் தட்டினான்.
இருபத்தொன்பதாயிரத்து நானூறு.
இன்னொருதரம் தட்டினான்.
தொலைபேசி மனம் மாறவில்லை.

ஆயிரம் ரூபாய் பெரிய காசு இல்லை என்று
சொல்பவர்கள் சொல்லட்டும்.
புஸ்பகாந்தி மெதுவாகத் தன் பையைத் திறந்தாள்.
சந்திரவதனி பழைய அட்டைகளையும் எடுத்தாள்,
மஞ்சள் பட்ட பொலித்தீன் உறைக்குள்ளிருந்து, மூன்று வருடத்தவை.
நகுலேஸ் தரையில் குனிந்து
பிள்ளைகள் விட்டுப்போன ஐஸ்பழக் குச்சிகளைப்
பொறுக்கத் தொடங்கினாள்.

பின்னேரம் மகிழ்விழி கேட்டாள்:
‘வட்டம் போட்டனிங்களோ அம்மா?’

என்னிடம் சிவப்புப் பேனை இருக்கவில்லை.