மௌனத்துக்குக் குறியீடு இல்லை

வடகடல் ஓரத் தலைநகரம். விசாரணை மன்றம்.
ஹில்ட்யே போஸ்ட்மாவின் நாற்காலி மட்டும்
யாரையும் பாராமல் பக்கவாட்டில் கிடக்கிறது.
சுருக்கெழுத்தாளருக்கு முகம் வேண்டாம், காது போதும்.
வெளியே மழை;
குடைக்குள்ளும் சாய்ந்து வந்து நனைக்கிற மழை.

சாட்சி சொல்ல வந்திருப்பவர் முன்னாள் பிரதமர்.
ஏழாண்டு ஆண்டவர். இப்போது ஆப்பிள் வளர்க்கிறார்.
நுழைந்ததும் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார்,
ஹில்ட்யேவுக்கும்.
நல்ல மனிதர்தான். அதுதான் சிக்கல்.

விஷயம் ஒரு பற்சக்கரம்.
இரண்டு கையால் தூக்கிவிடலாம்.
செங்கடல் ஓரம் ஒரு துறைமுகத்தில்
பாரந்தூக்கிக்குப் பல் உடைந்துபோக,
இந்த ஊர்த் தொழிற்சாலை ஒன்று மாற்றுச் சக்கரம் வார்த்து
மரப்பெட்டியில் வைத்து ஆணியும் அடித்துவிட்டது.
அனுமதி மட்டும் வரவில்லை. பதினொரு மாதம்.
நட்பு நாடொன்று முகம் சுளிக்குமாம்.
கோப்பின் ஓரத்தில் பென்சில் எழுத்து:
"இப்போதைக்கு வேண்டாம்."
கீழே அவருடைய தலைப்பெழுத்து இரண்டு.

நேற்றுச் சாட்சி சொன்னவர் வதீ பாசுஹைல்,
அந்தப் பாரந்தூக்கியை ஓட்டியவர்.
மொழிபெயர்ப்பாளர் வழியாக, நிதானமாக:
"கூண்டில் ஏறி உட்கார்ந்தால் கப்பலின் வயிறு தெரியும்.
கோதுமை. நாலு மாதம் கோதுமையாகவே தெரிந்தது.
பிறகு அது நகர ஆரம்பித்தது. வண்டு.
என் தங்கை வீடு துறைமுகத்துக்கு எதிர்த் தெரு.
அவள் பெரிய பையன் கேட்டான்:
மாமா, நீ மேலேயிருந்து
ஒரு கை அள்ளிப் போட முடியாதா?"
பையன்களுக்கு என்ன ஆயிற்று, மன்றத் தலைவி கேட்டார்.
"சின்னவன் இருக்கிறான்" என்றார் வதீ.
ஹில்ட்யே அதை ஒரே கோட்டில் எழுதினாள்.
ஒரே கோடு போதுமாயிருந்தது.

இன்று பிரதமர்:
"என் மக்களுக்குப் பொறுப்பேற்றுத்தான் பதவிக்கு வந்தேன்,
உலகத்துக்கு அல்ல.
போரைத் தொடங்கியவன் நானில்லை.
கப்பலை மறித்தவன் நானில்லை.
அந்தப் பசிக்கு ஆயிரம் அப்பன்மார்;
என் வாசலில் மட்டும் ஏன் தொட்டிலைக் கட்டுகிறீர்கள்?"

பொய் இல்லை.
ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே நிற்கும்.
சேர்த்து வைத்தால்தான் சாய்கிறது.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்கிறோம்.
அந்தக் காலத்து அரசனுக்கு
வாள் எட்டும் தூரம்தான் தூரம்.
இப்போது அரசனும் நின்று கொல்கிறான்,
கொல்கிறோம் என்றே தெரியாமல்,
காலைக் காப்பிக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவே.
மழை பொய்த்தால் மன்னனைக் கேட்ட மொழி இது.
குடையின் நிழல் அயலான் நிலத்தில் விழுந்து
அங்கே பயிர் வெளிறினால்
யாரைக் கேட்பதென்று
இதுவும் சொல்லிவைக்கவில்லை.

தலைவி கடைசியாகக் கேட்டார்:
"பென்சிலால் ஏன் எழுதினீர்கள்?"

சுவர்க்கடிகாரம்.
வெப்பக் குழாய்க்குள் தண்ணீர் ஓடும் ஒலி.
பிரதமர், கவாத்துக் கத்தி கீறிய
தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
ஹில்ட்யேவின் பேனா
காகிதத்துக்கு ஒரு நூல் மேலே நின்றது.
விதி எட்டு: பேசியதை மட்டும் எழுதுக.
இருமல் கூடாது. பெருமூச்சு கூடாது.
மௌனத்துக்குக் குறியீடு இல்லை.
பதினேழு நொடி. எண்ணினாள்.
"வழக்கம்" என்றார் அவர்.
எழுதினாள்.

அவருக்கு இரண்டு முறை ஓட்டுப் போட்டவள் அவள்.
இரண்டு தேர்தலிலும் எரிவாயு விலை ஏறாமலிருந்தது.
அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை,
கேட்டால் என்ன சொல்வாள் என்று
டிராம் வண்டியில் யோசித்தபடியே
இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனாள்.

இரவு படி எடுக்கும்போது
கேள்விக்கும் "வழக்கம்" என்ற சொல்லுக்கும் நடுவே
மூன்று வரி வெற்றிடம் விட்டாள்.
காலையில் மெய்ப்புப் பார்ப்பவன்,
இடைவெளி மிகை என்று மூடிவிட்டான்.

மரப்பெட்டி இன்னும் கிடங்கில்தான் இருக்கிறது.
வாடகையை மாதாமாதம்
யாரோ கட்டிவருகிறார்கள்.