இரண்டாவது மயிர்

ஒஸ்த்ராவாவின் குழாய்த் தண்ணீர்
ஈப்பொறிச் செடிக்கு நஞ்சு.
பால்கனியில் மூன்று வாளிகள், மழைக்கு.
கீழ்வீட்டு லுபோமிர் கேட்டார்:
"கூரை ஒழுகுகிறதா?"

பனிக்காலம் முழுக்க
ஃப்ரிட்ஜில் தூங்கியது,
வெண்ணெய்க்கும் ஊறவைத்த வெள்ளரிக்கும் நடுவே.
முட்டை எடுத்துவிட்டு
மெதுவாகத்தான் கதவைச் சாத்துவேன்.

இப்போது மே.
முக்காலி, மேக்ரோ லென்ஸ்,
மூச்சைப் பிடித்தபடி நான்.
சிவந்த வாய்க்குள் ஓர் ஈ
நடை பழகுகிறது.

ஒரு மயிரைத் தொட்டுவிட்டது.
செடி அசையவில்லை.
எண்ணுகிறது.

பதினாறு வருடமாக டிராம் ஓட்டுகிறேன்.
மணியடித்த பிறகும்
மூச்சிரைக்க ஓடிவரும் ஒருவருக்காகக்
கதவுப் பொத்தானில் விரல் வைத்துக் காத்திருப்பது
எனக்குத் தெரியும்.
இது வேறு காத்திருப்பு.

இரண்டாவது மயிர்.

திரையில் பார்த்தால்
மூடிய பச்சை இமை, கோத்த விரல்கள்.
நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
எல்லாம் ஒரு நொடி முந்தி,
இல்லையென்றால் பிந்தி.
நடந்தது மட்டும் எதிலும் இல்லை.

ஒன்றே ஒன்றில்
ஃபோகஸ் தவறி, பின்னால் மங்கலாக
ஒரு சாண் உயரத்தில் வெள்ளைப் பூ.
தேனீ வந்தால் தன் வாயில் சிக்கிவிடாத தூரத்துக்குத்
தண்டை நீட்டிப் பூத்திருக்கிறது
இந்தக் கொலைகாரி.

பூவை வெட்டிவிடு, செடி இளைத்துப்போகும்
என்பார்கள் வளர்ப்பவர்கள்.

சாயங்காலம் லுபோமிர் வந்து
கத்தரிக்கோல் இருக்குமா என்றார்.
கொடுத்தேன்.
இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.