பதினொன்றாம் கட்டம்

லிண்ட்சேயில் பெப்ரவரி.
ஸ்குகொக் ஆறு கல்லாகிக் கிடக்கிறது.
திறப்பையும் போனையும் வாசல் லொக்கரில் வைத்துவிட்டு
உள்ளே போகிறேன்,
எட்டு மணித்தியாலம்
அடிபாடுகளைத் தட்டச்சிட.

மறியல் என்போம் எங்கள் பக்கத்தில்.
இங்கே அதற்குத் திருத்தும் நிலையம் என்று பெயர்.
படிவத்தின் பதினொன்றாம் கட்டம்: காரணம்.
ஒன்று என்றால், வரும்போதே கொண்டுவந்தான்.
இரண்டு என்றால், இங்கே வந்த பின் விளைந்தது.
மூன்று கிடையாது.
வெறுமையாக விட்டால் கணினி
அடுத்த பக்கம் போக விடாது.

புதன்கிழமை, நான்காம் பிரிவு.
இருபத்திரண்டு பேருக்கு ஒரு தொலைபேசி.
காவலுக்கு ஆளில்லை என்று பத்தொன்பது நாள் பூட்டிவைத்து
அன்றுதான் திறந்தார்கள், அரைமணி நேரம்.
குகனேந்திரன் பேசிக்கொண்டிருக்க
டாரல் பூஷே வந்து
கொக்கியை அமத்தினான்.
ஒரு விரல்தான்.

பிறகு ரிசீவர். எட்டுத் தையல்.
தரையில் ஒரு பல்.

"அந்நிய மொழியில் கத்தினார்" என்கிறது காவலரின் குறிப்பு.
பதிவைக் கேட்டேன்.
கத்தவில்லை. மகளிடம் கேட்கிறான்:
பல்லு விழுந்திட்டுதோ, எந்தப் பல்லு,
மேலயோ கீழயோ—
அதோடு அறுந்துவிடுகிறது.

உளவியலாளர் ஹால்டேன் கோப்பைப் புரட்டினார்.
பத்தொன்பது வயதில் ஸ்கார்பரோவில்
கார் தரிப்பிடத்தில் ஒரு சண்டை.
அதற்கு முன், தகப்பன்.
"ஒன்று போடுங்கள்."

வந்த அன்று அவன் கையெழுத்திட்ட
பொருள் பட்டியலை எடுத்துப் பார்த்தேன்.
இடுப்புப் பட்டி. நாற்பது சதம்.
வாடகை தீர்ந்துபோன ஓர் அறையின் திறப்பு.
உதட்டுக்குப் பூசும் மெழுகு, பாதி.
கோபம் என்று ஒரு வரி இல்லை.
இல்லையென்பதால் கொண்டுவரவில்லை என்றும் ஆகாது.
அந்தப் பட்டி முதலில் யாருடையது,
யார் முதுகு அதை அறியும் என்று
பட்டியல் கேட்பதில்லை.

ஆனாலும் பத்தொன்பது நாள்.
குளிப்பு மூன்று தரம்.
அணையாத விளக்கின் கீழ்
இன்னொருவனின் குறட்டை, இருமல், மூத்திரம்.
நான் இரண்டு போட்டேன்.

வெள்ளிக்கிழமை பார்த்தால் அது ஒன்று ஆகியிருந்தது.
யார் மாற்றியது என்று கேட்கவில்லை.
ஒன்றுக்குச் செலவில்லை.
இரண்டென்றால்
யாரோ ஆள் சேர்க்க வேண்டும்,
எங்கோ ஜன்னல் வைக்க வேண்டும்.

அன்று பின்னேரம் கார்க் கண்ணாடியில்
பனி சுரண்டிக்கொண்டு நின்றேன்.
சுரண்டி இரண்டாய் முறிந்த பிறகுதான் கண்டேன்,
கண்ணாடியில் பனி இல்லை.
எப்போதோ போய்விட்டிருந்தது.

மார்ச்சில் வந்து ரிசீவரின் கம்பியை
ஒரு சாண் குறைத்துவிட்டுப் போனார்கள்.
வேறொன்றும் மாறவில்லை.
டாரல் நெடியவன்.
சுவரில் நெற்றி முட்ட, முழங்கால் மடக்கி,
ஆறு மணிக்கே தூங்கிவிடும் தன் அம்மாவோடு
அவசரமாகப் பேசுகிறான்.
அவன் பின்னால் வரிசை,
ஆளுக்கு ஆள்
ஒரு விரல் தூரத்தில்.