காணாதவை இறந்தவை

செஸ்தாவோ துறைக்குக் கீழே
கொல்தோ அள்ளிவந்த சேறு கறுப்பு.
வாளியைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை.
உலைகளை மூடி எத்தனையோ வருடமாகிறது;
சேற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
இந்தப் பானைக்கு நூறு வேண்டும்.
ஜாடிக்கு இருபதாக ஐந்து ஜாடி,
அரிசி நீளத்தில் சேற்று இறால்கள்,
பிளென்சியா கழிமுகத்தில் முழங்கால் புதைய நின்று
நானும் நெகானேயும் சலித்துப் பிடித்தவை.
இன்னொரு நூறு, அவை பிறந்த சேற்றிலேயே,
ஒப்பிட.

பத்து நாள். அணையாத விளக்கு,
ஒவ்வொரு ஜாடியிலும் ஒரு குழாய் விடும் குமிழி.
தீனி கிடையாது. விதி அப்படி.

இன்று சல்லடை.
மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தொடுகிறேன்.
கால் துடித்தால் உயிர்.
துடிக்காவிட்டால் மறுபடி தொடு, பிறகு எழுது.
சிறு உடல் இரண்டே நாளில் கரைந்துவிடும்,
அதனால் தாளில் அச்சடித்திருக்கிறது:
காணாதவை இறந்தவை.
அந்தக் கட்டத்தை நெகானே நிரப்புவதில்லை.
அவள் தம்பி போன படகைப் பற்றி
நான் கேட்பதும் இல்லை.

நல்ல சேற்றில் பதினொன்று போயிருந்தது.
பத்து வரை பொறுக்கலாம்.
பதினொன்று என்றால் எல்லாம் செல்லாது:
இருபது நாள் வேலை, இருநூறு உயிர்,
திங்களன்று வரும் தூர்வாரும் கப்பல்.
நான்கு மணியிலிருந்து ஊகார்த்தே மூன்று முறை அழைத்துவிட்டார்.

குழாயை உதறினேன். ஜாடி விளிம்பைத் துடைத்த துணியை
விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
கழுவி மாட்டிய சல்லடையை நெகானே இறக்கினாள்,
கவிழ்த்தாள், கண்ணருகே கொண்டுபோனாள்.
"இதோ" என்றாள்.
கம்பிக் கண்ணில் இடுப்பு மாட்டி
உணர்கொம்பை ஆட்டிக்கொண்டிருந்தது ஒன்று.

பத்து.

தூரிகை நுனியில் ஏந்தி நல்ல சேற்றில் விட்டோம்.
நான் கடிகாரம் பார்க்குமுன் உள்ளே போய்விட்டது,
ஊசி குத்தினாற்போல் ஒரு துளை மட்டும் மிச்சம்.

கறுப்புச் சேற்றில் பிழைத்தவை நாற்பத்து மூன்று.
அவற்றையும் அதே நல்ல சேற்றின்மேல் விட்டோம்.
ஒரு மணி நேரம்.
பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன,
கால்கள் அசைந்தன, அசைந்துகொண்டே இருந்தன.
தோண்ட வேண்டும் என்பது
எங்கோ கழன்று விழுந்துவிட்டது போல.
ஐந்து மட்டும் புதைந்தன,
அதிலும் ஒன்று பாதி வரைதான்.

நான்காவது அழைப்பு.
"நாற்பத்து மூன்று உயிருடன், அப்படித்தானே?"
உயிருடன்தான், என்றேன்.
எழுதுகிற சத்தம் கேட்டது.
"கொஞ்சம் பொறுங்கள்" என்றேன்,
"இன்னும் ஒரு கட்டம் இருக்கிறது."
தாளில் அப்படி ஒரு கட்டமே இல்லை.
நெகானே ஓரத்தில் பேனாவால்
கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.