அட்டை செருகப்படவில்லை

பஞ்சிகாவத்தையில் வயர் வேலை செய்கிற எனக்கு
பதினேழு வருஷமாய் ஒரு பெண்ணைத் தெரியும்.
முகம் தெரியாது.
சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டுக்குள் இருந்து கதைப்பாள்.
விட்ஸிலும் அவள்தான், வேகன்ஆரிலும் அவள்தான்,
ஒரு பக்கம் நசுங்கி வந்து இறங்கிய ப்ரியஸிலும்
அதே பணிவு, அதே ஒரு வரி.
"இவளின்ட வாயை அடைச்சு விடுங்கோ பாஸ்"
என்பார்கள் வாகனக்காரர்.
பின்னால் ஒரு பச்சை வயர்.
வெட்டினால் எண்ணூறு ரூபாய்.
எத்தனை வெட்டியிருப்பேன்.
என்ன சொல்கிறாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை,
யோசித்த நாள்வரைக்கும்.

செவ்வாய், வியாழன், இரவு எட்டரை.
ஷட்டரைப் பாதி இறக்கி
பட்டரிப் பெட்டியில் போனைச் சாய்த்து வைத்தால்
மஹரகமவிலிருந்து வீரக்கொடி சென்செய் வருவா.
இருபத்தாறு வருஷமாய் இதே மொழி படிப்பிக்கிறவா.
பின்னால் ரைஸ் குக்கர் 'டிக்' என்று விழும்,
அந்தச் சத்தத்துக்கும் ஜப்பானில் ஒரு சொல் வைத்திருப்பா.

ஏன் படிக்கிறீர்கள்? முதல் நாள் கேள்வி.
கம்பஹாப் பிள்ளை முதியோர் இல்ல வேலைக்கு,
ஹட்டன் தம்பி மீன் பொதியிடும் தொழிற்சாலைக்கு.
நான் மியூட்டை எடுத்து
அந்த வரியை அப்படியே சொன்னேன்:
ஈடீசீ காடோ க சோன்யூ சரெத்தெ இமசென்.
சென்செய் கண்ணாடியைக் கழற்றினா.
"டோக்கியோ அறிவிப்பாளரின் உச்சரிப்பு, லோகிதாசன்-சன்.
அர்த்தம் தெரியுமா?"
தெரியாது.
"அப்ப இருபத்தோராம் பாடம் மட்டும் பொறுக்க வேணும்."

பொறுத்தேன்.
என் பெயரின் வாலில் ஏற்கெனவே ஒரு 'சன்' இருப்பதால்
மரியாதை இரண்டு தடவை விழுந்துகொண்டிருந்தது.
சிங்களத்தில் விளக்கம், தமிழில் கொப்பி,
நடுவில் எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாத மொழி.
வினை கடைசியில் வந்து குந்தும்.
அங்கேயும் சாப்பிட்டுப் பார்க்கலாம், வாங்கி வைக்கலாம்,
கை தவறி உடைத்தும் விடலாம்.

இருபத்தொன்று: செயப்பாட்டு வினை.
அட்டை. செருக. பட. இல்லை.
வரிசை குலையாமல் தமிழில் வந்து இறங்கியது.
இவ்வளவுதானா!
அந்த நாட்டு அதிவேக வீதிக்குக் காசு கட்டுகிற அட்டையாம்.
இல்லாத ஒன்றைப் பதினேழு வருஷமாய்
இல்லை இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.
உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள்.

பிறகு சென்செய் இன்னொன்று எழுதினா:
மழையால் பெய்யப்பட்டேன்.
பிழையில்லை, அங்கே இது சரி.
மழையல்ல, நனைந்தவன்தான் எழுவாய்.
கால் மிதிக்கப்பட்டேன். பணப்பை திருடப்பட்டேன்.
யாருக்குப் பட்டதோ அவன் முன்னால் வந்து நிற்கவேணும்.
எங்களில் 'படு' என்றாலே பாடுதானே
என்று சொல்ல வாய் எடுத்தேன்.
சிங்களத்தில் அதற்குச் சொல் அகப்படவில்லை.

வீட்டுப்பாடம், ஆளுக்கொரு வாக்கியம்.
கம்பஹாப் பிள்ளை: பஸ்ஸால் விடப்பட்டேன்.
ஹட்டன் தம்பி: அட்டையால் கடிக்கப்பட்டேன்.
(இது வேறு அட்டை.)
நான்: சிச்சி வ மிசே ஓ யக்கரெத்த.
அப்பா கடையை எரிக்கப்பட்டார்.

வீட்டில் நாங்கள் 'கடை எரிக்கப்பட்டது' என்றுதான் சொல்வோம்.
கடை முன்னுக்கு நிற்கும்.
அப்பா அந்த வசனத்துக்குள் வரவேமாட்டார்.

சென்செய் வாசித்தா. விகுதி சரி, உருபு சரி.
சிவப்புப் புள்ளி திரையில் இடம் தேடி அலைந்தது.
இத்ஸு தெஸ் க, என்றா. எப்போது?
எண்கள் நான்காம் பாடம்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று. ஏழாம் மாதம்.
சிறிய ஆணிகளைப் போல ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தேன்.
அந்தப் பக்கம் ஃபேன் சத்தம்.
கம்பஹாப் பிள்ளை கமராவை அணைத்தது.
"ததஷீ தெஸ்," என்றா கனநேரம் கழித்து.
சரி.
வாக்கியமா, வேறேதும் ஒன்றா என்று
கேட்கிற அளவுக்கு என் ஜப்பான் மொழி இன்னும் வளரவில்லை.

காலையில் ஒரு அக்வா வந்தது.
வாயை அடைச்சு விடுங்கோ பாஸ்.
அவள் சொல்லி முடிக்கும்வரை நின்றேன்.
பிறகு வெட்டினேன்.
எண்ணூறு அந்தக் காலம்,
இப்போது ஆயிரத்து இருநூறு.